மறதி நோயும் பேசும் ஏஐயும்: வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள் கேட்கும் கேள்விகள்

என் அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்தவர். ஓய்வு பெற்றுப் பல வருஷம் கழித்து டிமென்ஷியா என்ற மறதி நோய் வந்தது. ஏழு வருஷம் வீட்டில் வைத்துப் பார்த்தேன். கடைசி ரெண்டு வருஷம் என் போனில் ஒரு ஏஐயும் கூட இருந்தது. இப்போது எங்கள் பக்கம் இதே நிலையில் இருக்கும் பத்துப் பதினைந்து பேர் மாதம் ஒருமுறை கூடுகிறோம். "ஏஐ கிட்ட கேட்டேன், இப்படிச் சொல்லுது, செய்யலாமா?" என்று யாராவது ஆரம்பிக்காமல் எந்தக் கூட்டமும் முடிவதில்லை. அங்கே அடிக்கடி வரும் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, கம்ப்யூட்டர் படித்தவளும் இல்லை.

வயசானால் மறதி வருவது சகஜம்தானே? இதற்குப் போய் ஏஐ எதற்கு?

பெயர் மறப்பது சகஜம். ரயில் என்ஜினைப் பிரித்து மாட்டிய மனுஷர் ஒருநாள் டிபன் கேரியரின் கொக்கியை எந்தப் பக்கம் நெம்புவது என்று தெரியாமல் நின்றார். அது சகஜம் இல்லை. இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீடு சொல்கிறது. அப்படியென்றால் நூற்றில் 92 பேருக்கு மேல் அது இல்லை. "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

இவர்களில் பெரும்பாலானவர்களை வீட்டில்தான் பார்த்துக்கொள்கிறார்கள். மகளோ மருமகளோ மனைவியோ, யாராவது ஒருத்தி. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு சந்தேகம் வந்தால் அவளுக்குக் கேட்க ஆள் இல்லை. ஏஐ உள்ளே வந்தது அந்த ரெண்டு மணிக்குத்தான்.

அலெக்சாவும் சாட்ஜிபிடியும் ஒன்றுதானா?

வேறு வேறு. 2014-இல் அமெரிக்காவில் வந்த அலெக்சா வகை ஸ்பீக்கர்கள் கட்டளைக்கு வேலை செய்யப் பிறந்தவை: மணி சொல்லு, பாட்டுப் போடு, ஆறு மணிக்கு எழுப்பு. சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவை ஏராளமான எழுத்தைப் படித்து, அடுத்து என்ன சொல் வரும் என்று கணித்துக் கணித்துப் பேசுகிறவை. அந்தச் சரளம் அப்படி வந்ததுதான். தெரியாத விஷயத்தையும் அதே சரளத்தோடு சொல்லிவிடும் குணமும் அங்கிருந்துதான் வருகிறது. நம் குடும்ப டாக்டர் ஒரு கேள்விக்கு "ம்ம்..." என்று தயங்கினால், அவருக்கே சந்தேகம் என்று நமக்குப் புரியும். இதன் பேச்சில் அந்த "ம்ம்" பெரும்பாலும் இருக்காது.

1966-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் என்பவர் எலிசா என்று ஒரு ப்ரோக்ராம் எழுதினார். நாம் சொன்னதையே கேள்வியாக்கித் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான் அதன் வித்தை. அவர் அதை உருவாக்குவதைக் கூடவே இருந்து பார்த்த செக்ரட்டரியே, கொஞ்ச நேரம் பேசிப் பார்த்த பிறகு, "நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள்" என்று அவரை அறையிலிருந்து அனுப்பிவிட்டாராம். தூக்கமில்லாத ராத்திரியில் நமக்கும் அப்படித் தோன்றினால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அது ஒரு ப்ரோக்ராம் என்பது மட்டும் மனதின் ஓரத்தில் இருக்கட்டும்.

வாங்கினால் அப்பாவுக்கா, எனக்கா?

உங்களுக்கு. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் நோய், பெரும்பாலும் முதலில் கை வைப்பது மூளையில் புது விஷயங்களைப் பதிய வைக்கும் பகுதியில்தான். அதனால் நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஷிப்ட் நேரம் நிற்கும், நேற்று வந்த கருவி நிற்காது. ஸ்பீக்கரைக் கூப்பிட ஒரு பெயர் சொல்ல வேண்டும். அந்தப் பெயர்தான் ஐந்து நிமிஷத்தில் போய்விடுகிறதே! நோய் வருவதற்கு முன்பே பழகியவர்கள், அல்லது ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்கள், கிழமை கேட்கவும் மாத்திரை நேரத்தை நினைவூட்டவும் அதை வைத்துக்கொள்ளலாம். எங்கள் கூட்டத்துக்கு வரும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அப்படித்தான் சமாளித்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் வீட்டில் நடந்தது வேறு. வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் ஆசையாக ஒரு ஸ்பீக்கர் வாங்கி அனுப்பினான். அதை அலமாரியில் வைத்து, "வணக்கம்" சொல்ல வைத்தேன். அப்பா கதவைப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார். "யாரும்மா பேசறது? வெளிய வரச் சொல்லு" என்றார். குரலில் பயம். நான் விளக்க விளக்கப் பயம்தான் கூடியது. மூன்றாம் நாள் பயம் போய்விட்டது. ஆனால் அலமாரிக்குள் ஒரு பெண் இருக்கிறாள் என்பது முடிவாகிவிட்டது. சாயங்காலம் நான் டம்ளரை நீட்டியதும், "எனக்கு மட்டும் குடுக்கிறியே, அந்தப் பொண்ணு காலையிலேர்ந்து பேசிக்கிட்டே இருக்கு, அதுக்கும் ஒரு வாய் காபி குடு" என்றார். இன்னொரு டம்ளரில் ஊற்றி அலமாரியில் வைத்தேன். அவர் தூங்கிய பிறகு அதை நான் குடித்தேன். ஒரு வாரத்தில் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டேன். ரெண்டு நாள், "அந்தப் பொண்ணு ஊருக்குப் போயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தமிழ் புரியுமா?

முன்னைக்கு இப்போது எவ்வளவோ பரவாயில்லை. கூகுள் தன் ஜெமினியின் பேசும் வசதியை 2024 அக்டோபரில் தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்குக் கொண்டுவந்தது. சாட்ஜிபிடியும் தமிழில் பேசும். நாம் பேசுவது பெரும்பாலும் புரிகிறது. பல்செட் போடாமல், பாதிச் சொல்லை விழுங்கி, ஊர்ப் பேச்சில் பேசும் எண்பது வயதுக்காரர் பேசுவது அந்த அளவுக்குப் புரிவதில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் மௌனம். மறதி உள்ளவர் ஒரு சொல்லைத் தேடிப் பிடிக்க வெகுநேரம் ஆகும். "அந்த... அது... அதான்..." என்று அவர் நிற்கும்போது, பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து இது குறுக்கே புகுந்துவிடும். தேடிக்கொண்டிருந்த சொல்லும் போய்விடும். பட்டனை அழுத்திப் பிடித்துப் பேசும் வசதி இருந்தால், பிடித்திருக்கும் விரல் உங்களுடையதாக இருக்கட்டும்.

அது பேசும் தமிழும் ஒரு கூத்து. "தாங்கள் இன்று எவ்வாறு உணர்கிறீர்கள்?" என்று கேட்டால் எந்த அப்பா பதில் சொல்வார்? நியூஸ் வாசிக்கிறார்கள் என்று பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார். "பேச்சுத் தமிழில் சொல், ஒரு வாக்கியத்தில் ஐந்தாறு சொல்லுக்கு மேல் வேண்டாம், ஒரு நேரத்தில் ஒரே கேள்வி" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஞாபகத்தைச் சோதிக்க தினமும் கேள்வி கேட்கச் சொல்லலாமா? பயிற்சி மாதிரி இருக்குமே.

வேண்டாம். இந்த நோயின் முதல் பதிவே கேள்வி-பதில்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1901 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் ஆஸ்பத்திரியில் அலாய்ஸ் அல்சைமர் என்ற டாக்டர், அகுஸ்டே என்ற 51 வயதுப் பெண்ணின் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டுப் பதிலை எழுதிக்கொண்டார். பெயர் என்ன? அகுஸ்டே. குடும்பப் பெயர்? அகுஸ்டே. கணவர் பெயர்? அகுஸ்டே என்று நினைக்கிறேன். அந்த "நினைக்கிறேன்" என்ற சொல்லில் எவ்வளவு தவிப்பு இருக்கிறது பாருங்கள். டாக்டர் கேட்டது நோயைக் கண்டுபிடிக்க. நாம் தினமும் காலையில் "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்?" என்று கேட்டால், தினமும் பரீட்சை வைத்து தினமும் பெயில் ஆக்குகிறோம் என்றுதான் அர்த்தம்.

கேட்பதாக இருந்தால் தப்பே ஆக முடியாத கேள்வியாகக் கேளுங்கள். பொன்மலை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையைப் பற்றி என் அப்பாவிடம் கேட்கப் பத்துக் கேள்வி தயாரிக்கச் சொன்னேன். ஏழு அசட்டுத்தனமாக இருந்தது. மூன்று அருமை. "சந்தைக்குப் போனா முதல்ல எந்தக் கடைக்குப் போவீங்க?" என்ற ஒரே கேள்வியில் அன்று சாயங்காலம் முழுக்கக் கழிந்தது.

செத்துப்போன அம்மாவைத் தேடுகிறார். ஏஐ கிட்ட கேட்டால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பதில் சொல்கிறது. எதை நம்ப?

பராமரிப்பு நிபுணர்களிடையே இன்னும் விவாதத்தில் இருக்கும் விஷயம் இது. அதனால் ஏஐயும் இரண்டு பக்கமும் பேசும். "உண்மையைச் சொல்" என்றும் சொல்லும், "அவர் உலகத்துக்குள் போ" என்றும் சொல்லும்.

நான் ரெண்டையும் செய்து பார்த்தவள். "பாட்டி செத்து முப்பது வருஷம் ஆச்சுப்பா" என்று ஒருமுறை சொன்னேன். அன்றுதான் செத்த மாதிரி அழுதார். எனக்கு யாருமே சொல்லவில்லையே என்று கேட்டார். ஒரு மணி நேரத்தில் செய்தி மறந்துவிட்டது, அழுகை மட்டும் ராத்திரி வரை நின்றது. சேதி போன பிறகும் துக்கம் தங்கும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இன்னொரு முறை "வந்துக்கிட்டு இருக்காங்க" என்று பொய் சொன்னேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் கைகொடுத்தது மூன்றாவது வழி. அது ஏஐ சொன்னதுதான், நன்றி சொல்லித்தான் ஆக வேண்டும். இருக்கிறார்களா இல்லையா என்ற பேச்சுக்கே போகாமல், தேடலுக்குப் பின்னால் இருக்கும் ஏக்கத்துக்குப் பதில் சொல்வது. "பாட்டி ஞாபகம் வந்துடுச்சாப்பா? அவங்க வைக்கிற மீன் குழம்பு எப்படி இருக்கும்?" குழம்பில் ஆரம்பித்தால் புளி, மண்சட்டி என்று போய், பல நாள் சோற்றுத் தட்டில் வந்து முடியும். பல நாள் பசிதான் அம்மாவைத் தேட வைத்திருக்கிறது.

வேலைக்கார அம்மா நகையைத் திருடிவிட்டதாக மாமியார் சொல்கிறார். அவரே ஏஐயிடம் பேசி, அது "ஆமாம்" போட்டுவிட்டது!

இதைத்தான் நான் ரொம்பப் பயந்து சொல்வேன். இவற்றுக்கு நம்மோடு ஒத்துப்போகும் குணம் அதிகம். எதிரே இருப்பவர் வருத்தமாக, உறுதியாகச் சொன்னால், அதை உண்மை என்று வைத்துக்கொண்டு மேலே பேசும். போலீஸில் புகார் கொடுப்பது எப்படி என்று வழியும் சொல்லித் தரும். திருட்டுப் பயம் இந்த நோயில் மிகச் சாதாரணம். பொருளை ஒளித்து வைத்தது மறந்துபோகும், காணவில்லை என்பது மட்டும் மிஞ்சும், காணாமல் போனதற்கு ஒரு காரணம் வேண்டும், பக்கத்தில் இருப்பவர் கிடைப்பார்.

"காணோம்னா பதட்டமாத்தான் அத்தை இருக்கும், வாங்க சேர்ந்து தேடுவோம்" என்பது பதட்டத்தை ஒத்துக்கொள்வது. "ஆமா, அவ எடுத்திருப்பா" என்பது சந்தேகத்தை ஒத்துக்கொள்வது. ரெண்டும் ஒன்றில்லை. மனுஷர்களுக்கே இது பழக நாளாகும். சந்தேகம் தலைதூக்கியவரை ஏஐயோடு தனியாகப் பேச விடாதீர்கள். அந்த வேலைக்கார அம்மாவிடமும் நோயைப் பற்றி முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மருந்து பற்றிக் கேட்கலாமா?

டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளக் கேளுங்கள். மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கேட்காதீர்கள்.

ஓர் உதாரணம். சளி, அரிப்பு என்றால் நம் வீடுகளில் கை தானாக அவில் மாத்திரைக்குப் போகும். டொனபெசில் போன்ற மறதி மருந்துகள் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற பொருளைக் கூட்டப் பார்க்கின்றன. அவில் அதன் வேலையைத் தடுக்கிறது. ஒரு கையால் ஏற்றி மறு கையால் இறக்குகிறோம், குழப்பமும் கூடும். இப்படி ஒரு முரண் இருக்கிறதா என்று அலசிக் கேட்க ஏஐ நல்லது. பதிலை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகலாம். "ராத்திரி தூங்கவே மாட்டேங்கிறார், ஏதாவது குடுங்க" என்று தூக்கத்துக்கு மருந்து கேட்கும் முன்னாலும் யோசியுங்கள். அப்படிக் கேட்டால் சில நேரம் மனநோய் மருந்து எழுதுவதும் உண்டு. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு மனநோய் மருந்து கொடுத்தால் மரண அபாயம் கூடுகிறது என்று 2005-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது. அதற்காகத் தரவே கூடாது என்றில்லை. அந்த முடிவை டாக்டர் எடுக்கட்டும்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை அப்பா ரெண்டே நாளில் தலைகீழாக மாறினார். பகலெல்லாம் தூக்கம், நடுவில் விழித்தால் கையால் காற்றில் எதையோ பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். "கொஞ்ச நாளா குழப்பம் அதிகமா இருக்கு, ஏன்?" என்று ஏஐயிடம் கேட்டேன். நோய் அடுத்த கட்டத்துக்குப் போகும்போது இப்படி ஆவதுண்டு என்று ஆறுதலாக ஒரு பக்கத்துக்கு எழுதியது. நானும் ஏற்றுக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்துவிட்டேன். பகலில் வரும் ஆயாதான், "யூரின் வாடை சரியில்லக்கா" என்றார். சிறுநீர்த் தொற்று. மருந்து கொடுத்த ஒரு வாரத்தில், "சங்கு ஊதியாச்சா?" என்று பழையபடி பணிமனைக்குக் கிளம்பத் தொடங்கினார்.

பிறகு அதே ஏஐயிடம், "ரெண்டு நாளில் திடீரென்று" என்று மாற்றிக் கேட்டேன். முதல் வரியிலேயே டெலிரியம் (உடம்புக் கோளாறால் திடீரென வரும் குழப்பம்), அவசரம், ஆஸ்பத்திரி என்றது. "கொஞ்ச நாளா" என்ற என் சொல்தான் அவசரத்தை மூடிவிட்டிருக்கிறது. வாசனை பிடிக்க அதற்கு மூக்கும் இல்லை. மறதி நோய் பெரும்பாலும் மெல்லத்தான் இறங்கும். மணிக்கணக்கில், நாள்கணக்கில் மாறினால் தொற்று, சோடியம் குறைவு, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், புது மாத்திரை என்று வேறு ஏதோ இருக்கிறது. போனைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

அப்படியென்றால் எதற்குத்தான் பயன்படுத்துவது?

எழுத்து வேலைக்கு. நியூரோ டாக்டரிடம் நமக்குக் கிடைப்பது சில நிமிஷம். மூன்று மாதக் கதையை அதற்குள் சொல்லப் போய், முக்கியமானதை வாசலில் செருப்புப் போடும்போது நினைத்துக்கொள்வோம். நான் தினமும் ராத்திரி போனில் நாலு வரி பேசிப் பதிவேன்: என்ன சாப்பிட்டார், எப்போது தூங்கினார், எப்போது கோபம், மலம் போனதா. டாக்டரைப் பார்க்கும் முன்தினம் ஏஐயிடம் கொடுத்து, "போன முறைக்கு இப்போது என்ன மாறியிருக்கிறது என்று எட்டு வரியில் எழுது, நீயாகக் காரணம் சொல்லாதே" என்பேன். அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். இல்லாவிட்டால் டாக்டராகிவிடும்.

அப்படித் தொகுத்ததில்தான் ஒரு விஷயம் தெரிந்தது. அப்பா கத்திய நாள்களில் பெரும்பாலும் நேரம் சாயங்காலம் நாலரைக்கும் ஆறரைக்கும் இடையில். பொழுது சாயும் நேரத்தில் குழப்பம் கூடுவது இந்த நோயில் உண்டு. நாலு மணிக்கே எல்லா லைட்டையும் போட்டு, காபியை முன்னால் தள்ளி, பழைய டிபன் கேரியரைக் கையில் கொடுத்துத் தெருமுனை வரை நடத்திக் கூட்டி வந்தோம். ஷிப்ட் முடிந்து வீடு திரும்பிய திருப்தி அவருக்கு.

டிஸ்சார்ஜ் சம்மரியைத் தமிழில் புரிந்துகொள்ள, புதிதாக வரும் ஆயாவுக்கு அப்பாவின் பழக்கங்களை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்க, "நீ ஏன் இல்லத்துல சேர்க்கக் கூடாது?" என்று போனில் மட்டும் அக்கறைப்படும் சொந்தக்காரருக்குச் சண்டை வராமல் பதில் எழுத, எல்லாவற்றுக்கும் உதவும்.

நடுராத்திரியில் அழுகை வருகிறது. அதனிடம் புலம்பலாமா?

புலம்புங்கள், நானும் புலம்பியிருக்கிறேன். அப்பாவை அடிக்கக் கை ஓங்கிய ராத்திரி அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை, அதனிடம் சொன்னேன். திட்டாமல் கேட்டுக்கொண்டது. ஆனால் மறுநாள் ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்து, "நீ போய்த் தூங்கு, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னது சித்திதான். ஏஐ மட்டுமே கேட்கும் ஆளாகிவிட்டது என்றால், 14416 என்ற டெலி மனஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். மனநல ஆலோசனை இலவசம், தமிழிலும் பேசுவார்கள். முதியோர் தொடர்பான உதவிக்கு 14567. சென்னையில் இருப்பவர்களுக்கு ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பின் டிமென்ஷியா பிரிவு இருக்கிறது. 1992-இல் கேரளத்தில் தொடங்கிய ஏஆர்டிஎஸ்ஐ, மறதி நோய்க் குடும்பங்களுக்கென்றே இயங்கும் அமைப்பு.

இறந்துபோன மாமனாரின் குரலை ஏஐயில் செய்து மாமியாரிடம் பேச வைக்கலாம் என்கிறான் என் பையன்.

செய்யாதீர்கள். அவர் எங்கே, ஏன் வெளியே வரமாட்டேன் என்கிறார் என்று தேடத் தொடங்கினால் என்ன சொல்வீர்கள்? அவர் நிஜமாகவே பேசிய பழைய கேசட் இருந்தால் போடுங்கள்.

ஜப்பானில் ரோபோ எல்லாம் இருக்கிறதாமே?

சீல் குட்டி மாதிரி பொம்மை ரோபோ, பாரோ. பேசாது, தடவினால் சிணுங்கும். நிம்மதி தருகிறது என்று பல நாட்டு முதியோர் இல்லங்களில் வைத்திருக்கிறார்கள். நியூயார்க் மாநில அரசு 2022-இல் எல்லிக்யூ என்ற பேசும் கருவியை 800-க்கும் மேற்பட்ட முதியவர்களுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தது. அது தனியாக வாழ்பவர்களின் தனிமைக்காக. விலையைப் பார்த்தால் நமக்கு ஒரு வருஷ ஆயா சம்பளத்தை நினைக்கத் தோன்றும், ஆயாவே மேல் என்றும் தோன்றும்.

அந்தரங்கம்?

2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது, ஆனால் சட்டத்தை நம்பி அள்ளிக் கொட்டாதீர்கள். ஆதார், பென்ஷன் புத்தகம், பாங்க் விவரம், ஓடிபி எதுவும் அதற்குத் தேவையே இல்லை. நான் அப்பா பெயரைக்கூடச் சொன்னதில்லை, 'பெரியவர்' என்றுதான் எழுதுவேன். ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் போட்டால் மேலே இருக்கும் பெயரையும் எண்ணையும் விரலால் மறைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சே நின்றுபோன கடைசிக் கட்டத்தில் இதற்கு ஏதாவது வேலை உண்டா?

எனக்கு அப்போதுதான் அதிகம் தேவைப்பட்டது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது யார் எப்போது என்று அட்டவணை போட்டது. கஞ்சி எவ்வளவு கெட்டியாக இருந்தால் புரை ஏறாது என்று கேட்டேன். பொதுவாகச் சொல்லிவிட்டு, விழுங்குவதைச் சோதிக்கும் தெரபிஸ்டைப் பாருங்கள் என்றது. அது சரியான பதில். அவர் வந்து அப்பாவின் தாடையைக் கையால் தாங்கிப் பிடித்து, ஒரு ஸ்பூன் கொடுத்து, தொண்டை ஏறி இறங்குவதை விரலால் தொட்டுப் பார்த்துக் காட்டினார். எழுத்தில் படித்து அது எனக்கு வந்திருக்காது.

அப்பாவோடு அந்த ஆறு மாதம் பேசியது பழைய ரேடியோதான். சாயங்காலம் நாலரைக்கு அதைப் போட்டால், கட்டிலில் அவருடைய வலது கை டிபன் கேரியரைத் தூக்குவது மாதிரி லேசாக மடங்கும்.